காப்ரியில் ஒரு பகல்

ரோமப் பேரரசர் திபேரியஸ் தம் கடைசிப் பத்தாண்டுகளைக் காப்ரித் தீவில்தான் கழித்தார். நேப்பிள்ஸிலிருந்து படகேறும் நமக்குக் கிடைப்பது ஒரு பகல். அதில் பாதி வரிசையில் நிற்கவே சரி. நீலக் குகைக்குத் தனிக் கட்டணம். வாசல் ஒரு மீட்டர் உயரம்தான் என்பதால் துடுப்புப் படகில் மல்லாந்து படுக்கச் சொல்கிறார்கள். படகோட்டி சங்கிலியைப் பிடித்து ஒரு இழு இழுக்க, உள்ளே போய்விடுகிறோம். நீலம் நிஜமாகவே நீலம், அதில் குறை சொல்ல முடியாது. அவர் ஒரு பாட்டை எடுத்துவிடுகிறார். அது முடிவதற்குள் வெளியே வந்தாயிற்று, அன்பளிப்புக்குக் கை நீண்டாயிற்று.

மேலே திபேரியஸின் மாளிகையான வில்லா யோவிஸ் அருகே, வேண்டாதவர்களை அவர் தள்ளிவிட்டதாகக் கதை சொல்லும் செங்குத்துப் பாறை. குடையை உயர்த்திப் பிடித்த வழிகாட்டி அதைக் காட்டியதும், காலையில் தாமதமாக வந்தவர்கள் இரண்டடி பின்வாங்குகிறார்கள்.