ஒரு பர்ஸ், நாலு பேர்

கேள்வி: நண்பர் தம்பதியோடு மும்பை போகிறோம். ஊர் சுற்றுவதிலும் சாப்பாட்டிலும் மனஸ்தாபம் வராமலிருக்க வழி?

பதில்: முதல் நாளே பணத்தை ஒரே பர்ஸில் போட்டு, நாலு பேரில் யார் கறாரோ அவரிடம் கொடுத்துவிடுங்கள். எலிஃபண்டா குகைக்குத் திங்கள் விடுமுறை. வேறொரு நாள் காலையிலேயே கேட்வே ஆஃப் இந்தியாவில் படகு ஏறுங்கள். குகையில் சதாசிவரின் மூன்று முகங்கள், ஆளுக்கொரு திசை பார்த்தபடி ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒற்றுமையாக இருக்கின்றன. நாலு பேர் நாலு நாள் இருக்க முடியாதா! சாயங்காலம் தாராளமாகப் பிரியலாம்: கடைவீதிப் பிரியர்கள் கொலாபா காஸ்வே, மற்றவர்கள் மரீன் டிரைவ். சாப்பாட்டில் மட்டும் பிரியாதீர்கள். வடா பாவை, காய்ந்த பூண்டுச் சட்னியும் பொரித்த பச்சைமிளகாயுமாக, நின்றபடியே சாப்பிட வேண்டும். யாராவது இட்லிக்கு ஏங்கினால் வாதாடாமல் மாட்டுங்காவுக்கு டாக்ஸி பிடியுங்கள். 1940 முதல் இயங்கும் கஃபே மெட்ராஸில் ரசவடையும் உண்டு.