ஐந்து நிமிடத் தருமபுரி

தருமபுரியில் எல்லாமே ஐந்து நிமிடம். பஸ் ஸ்டாண்டு ஐந்து நிமிடம். கலெக்டர் ஆபீஸ் ஐந்து நிமிடம். பெங்களூரு நெடுஞ்சாலையும் அதே ஐந்து நிமிடம். மனை விற்பவர்களின் நோட்டீஸில் அப்படித்தான் இருக்கிறது. எதில் ஏறிப் போனால் ஐந்து நிமிடம் என்பது மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேன் இலவசம், மதியம் பிரியாணியும் இலவசம். நேற்றுவரை ராகி விளைந்த மேட்டில் இன்று வண்ணக் கொடிகள், பெயின்ட் அடித்த கற்கள், வாசலில் ஒரு ஆர்ச். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தால் அரை கிராம் தங்கக் காசு. அன்று தகடூர் என்றிருந்த இந்த ஊரை ஆண்ட அதியமான், தான் சாப்பிட வேண்டிய நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தான். இவர்களோ நாம் சாப்பிட வேண்டியதை வாங்கிக்கொண்டு காசு தருகிறார்கள்.

“அண்ணே, இன்னும் ரெண்டே பிளாட்டுதான். கார்னர் பிளாட்டை ஒரு டாக்டர் கேட்டாரு. உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்.”

அந்த டாக்டரை இதுவரை யாரும் பார்த்ததில்லை. மாவட்டத்தில் உள்ள கார்னர் பிளாட்டையெல்லாம் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

“ரயில் வருதுண்ணே.” வரத்தான் போகிறது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு வெள்ளைக்காரன் காலத்தில் ஓடிய ரயில் 1941-இல் நின்றுபோனது. 36 கிலோமீட்டர் புதுப் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல்லைப் பார்த்தே மனைக்கல் விலை ஏறிவிடும், ரயிலுக்காக அது காத்திருப்பதில்லை. நல்லம்பள்ளிப் பக்கம் சிப்காட் என்று அறிவிப்பு வந்தபோதும் இதே கதை. தொழிற்சாலைக்கு முன்பே தொழிற்சாலைக்கு ‘மிக அருகில்’ மனை வந்துவிட்டது.

வாங்குகிறவர் யார்? பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பெங்களூருக்குப் போய், ஊரார் வீட்டுக்கு ஆயுசுக்கும் செங்கல் சுமந்தவர். சொந்தமாக 1,200 சதுர அடி வேண்டும் என்று ஆசைப்பட்டது மட்டும்தான் அவர் செய்த தப்பு. நாமும் அவரை ‘முதலீட்டாளர்’ என்கிறோம். ஏமாற்றுவதற்கு முன் மரியாதை கொடுப்பது தமிழ்ப் பண்பாடு.

அவர் கையில் ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று ஒரு காகிதம் இருக்கும். நகர் ஊரமைப்புத் துறை ஒப்புக்கொள்ளாமல் ஊராட்சித் தலைவர் போட்ட கையெழுத்துக்கு மதிப்பில்லை என்பது தலைவருக்குத் தெரியும், விற்றவருக்குத் தெரியும், பதிந்த அலுவலகத்துக்கும் தெரியும். தெரிந்தேதான் தமிழ்நாடெங்கும் ஆண்டுக்கணக்கில் பதிந்து தள்ளினார்கள். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான், அங்கீகாரம் என்று ஒன்று இருப்பதே அரசுக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த ஆண்டே அங்கீகாரமில்லாத மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. மனை பிரித்தவர் விற்றுவிட்டுப் போய்விட்டார். கையெழுத்துப் போட்டவர் பதவிக்காலம் முடிந்து போய்விட்டார். பதிந்து கொடுத்தவர் மாறுதலாகிப் போய்விட்டார். போக இடமில்லாமல் நின்றவர் வாங்கியவர் ஒருவர்தான். கட்டணம் கட்டு என்று அவரிடமே நீட்டினார்கள். கட்டாவிட்டால் வீடு கட்ட அனுமதி கிடையாது. வங்கியும் கடன் தராது.

சரி, இன்றைக்கு வாங்குகிறவர் கதை? 20 லட்சம் ரூபாய் மனைக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம், ஆக 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். இவ்வளவு வாங்கிக்கொண்டு, விற்கிறவன்தான் உண்மையான சொந்தக்காரனா என்று அரசு பார்த்துச் சொல்லுமா? சொல்லாது. பதிவு அலுவலருக்கு அந்த அதிகாரமே சட்டத்தில் இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தச் சட்டம் எழுதிய ஆண்டு 1908. காசு வாங்க நீளுகிற கை, பொறுப்பு என்றதும் நூறு வருஷத்துப் பழைய கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. மண்ணுக்கடியில் பஞ்சமி நிலமோ கோயில் நிலமோ புறம்போக்கோ இருந்தால், அது உங்கள் தலையெழுத்து.

எல்லாம் தப்பி வீடும் கட்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். தண்ணீர்? “போர் போட்டா இளநீர் மாதிரி இருக்கும்ணே.” இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்து, பிள்ளைகளின் பல் கறுத்து, பெரியவர்களின் எலும்பு வளைந்ததால்தான் ஜப்பானிடம் கடன் வாங்கி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டார்கள். 2013-இல் தண்ணீர் விட்டார்கள். சாலையை ஊராட்சியிடம் ஒப்படைக்காத மனைப்பிரிவுக்குக் குழாயும் வராது, தெருவிளக்கும் வராது. இளநீரைத்தான் குடிக்க வேண்டும், அதுவும் விலைக்கு வாங்கி.

வேனில் ஏறுவதற்கு முன் ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை. முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பாருங்கள். தாய்ப்பத்திரத்தைக் கேளுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். புலப்படத்தோடு சர்வேயரைக் கூட்டிப்போய் அளந்து பாருங்கள். “நம்பிக்கை இல்லையாண்ணே?” என்று முகம் சுளித்தால், பிரியாணியை வைத்துவிட்டு எழுந்து வாருங்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை: ஒன்பது சதவீதம் வாங்குகிறீர்களே, ஒன்பது சதவீதப் பொறுப்பையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்.