கறிவேப்பிலைக்குக் காவல்

நாலாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டைச் சுற்றியுள்ள சூழல் மண்டலம் ஒன்றை ஆராய்ந்து, வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட வேலையைக் கொடுப்பது பிள்ளைகளுக்கு, செய்வது பெரியவர்கள் என்பது ஊரறிந்த ஏற்பாடு. நானும் பஸ் பிடித்து என்.எஸ்.பி. ரோட்டுக்குப் போய், தெர்மாகோல் அட்டை, பச்சைக் கலர் பொடி, பிளாஸ்டிக் மான் இரண்டு, சிங்கம் ஒன்று வாங்கி வந்தேன்.

"தாத்தா, ஸ்ரீரங்கத்துல சிங்கம் எங்க இருக்கு?"

காட்டழகிய சிங்கர் கோயிலைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"நாம ஒரு தீவுல இருக்கோம், தெரியுமா?"

தெரியாது என்பதுதான் உண்மை. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து நம் ஊரை நடுவில் விட்டுப் போகின்றன. திருச்சிக்குப் போனால் காவிரிப் பாலம், சமயபுரம் போனால் கொள்ளிடப் பாலம். அறுபத்தாறு வருஷமாகப் பாலம் தாண்டியவனுக்குத் தீவு என்றால் அந்தமான்தான் ஞாபகம் வந்தது.

அவளுக்கு இதெல்லாம் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு வேனில் போய்வந்த பிறகு வந்த ஞானம். அந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவே, சுமார் 25 ஏக்கரில், 2015இல் திறந்தது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், நான் போனதில்லை. ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சியின் புழுவும் தனக்கென்று சில செடிகளை மட்டுமே தின்னும் என்று அங்கே கேட்டுக்கொண்டு வந்தவள், நேரே கொல்லைக்குப் போய் எங்கள் கறிவேப்பிலைக் கன்றின் முன் உட்கார்ந்துவிட்டாள்.

ஓர் இலையில் காக்காய் எச்சம் மாதிரி ஏதோ இருந்தது. துடைக்கப் போனேன். "தொடாதே தாத்தா, அது புழு!" என்று ஓர் அலறல். எச்சம் என்று நினைத்துப் பறவைகள் ஒதுங்கிப்போகட்டும் என்றே அப்படி ஒரு வேஷமாம். சில நாளில் வேஷத்தைக் கலைத்துவிட்டு, கொழுகொழுவென்று பச்சையாக நின்றது. அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டுப் பார்த்தேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்புகள் புறப்பட்டன. கூடவே ஒரு நாற்றம். நான் இரண்டடி பின்வாங்கியதை யாரும் பார்க்கவில்லை.

மொத்தம் ஐந்து புழுக்கள். கன்று மொட்டையாகிக்கொண்டே வந்தது. வீட்டில் ரசம் கறிவேப்பிலை இல்லாமல் கொதித்தது. "ஆக்கிப்போடறவளுக்கு ஒரு இணுக்கு கிடையாது, புழுவுக்கு மூணு வேளை விருந்தா?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. இருந்தாலும் பறிக்க அனுமதி கிடைக்கவில்லை. பேத்தி ஸ்கூலுக்குப் போகும்போது காவல் வேலை எனக்கு.

பேசும் நாளில் பெற்றோரோடு நானும் போயிருந்தேன். மூன்று பிள்ளைகள் தெர்மாகோல் காடு கொண்டுவந்திருந்தார்கள். மூன்றிலும் நான் வாங்கிய அதே சிங்கம். கடைக்காரர் பிழைக்கத் தெரிந்தவர். ஒரு பையன் அம்மா மண்டபத்துப் படித்துறை மீன்களைப் பற்றிப் பேசினான். யார் யார் பொரி போடுகிறார்கள், யார் ஷாம்பு கவர் போடுகிறார்கள் என்று விரல் விட்டுக் கணக்குச் சொன்னான். முன்வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எங்கள் ஆள், அந்தப் புழுக்கள் ஆகப்போகும் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியைப் பற்றிச் சொன்னாள். ஆண் கறுப்பு, பின்சிறகில் வெள்ளைப் பொட்டு வரிசை. பெண்களில் பல, ரோஜா அழகி என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியைப் போலவே சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும். ரோஜா அழகியின் புழு ஆடுதின்னாப்பாளையைத் தின்று விஷமேறியது; அதைப் பறவைகள் தொடாது, ஆகவே அதைப்போல் இருப்பதையும் தொடாது. நல்லவன் வேஷம் போட்டுப் பிழைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விஷமுள்ளவள் வேஷம் போட்டுப் பிழைப்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியான தமிழ் மறவனையும் சொன்னாள். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர் என்பதால் எங்கள் கொல்லைக்கு ஆபத்தில்லை.

கடைசியில், "இந்த ஆராய்ச்சியில யார் உதவி செஞ்சாங்க?" என்று டீச்சர் கேட்டார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"பாட்டி. ரசத்துல கறிவேப்பிலை போடாம இருந்தாங்க."

ஐந்தில் இரண்டு கூட்டுப்புழுவாகித் தப்பின. ஒரு காலையில் ஒன்று ஈரச் சிறகை உலர்த்திக்கொண்டு அரைமணி நேரம் தொங்கிவிட்டு, மதில் தாண்டிப் போயிற்று. பத்து நாளில் புதுத் துளிரில் மறுபடி முட்டைகள். காந்தி மார்க்கெட்டில் கால் கிலோ கத்தரிக்காய்க்கு ஒரு கை கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்டு வாங்குகிறேன். கடைக்காரம்மா இப்போதெல்லாம் முறைக்கிறார்.