கைத்தாளியல்: முதற்பாடம்

கற்போய், கேள். கிறித்தவர் தம் நம்பிக்கையைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் வழிகள் பல. அவற்றுள் பேருந்தில் நீட்டப்படும் மடித்த தாள் ஒன்றே ஈண்டு நம் ஆய்பொருள். அதனைக் கைத்தாள் என்க.

1. தோற்றம். கைத்தாளின் மூதாதை 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் கிறித்தவத் தமிழ் நூல். அது 16 பக்கமே உடையது; ஆகலின் அளவாலும் உறவு பொருந்தும். எழுத்தின் சிறுமைக்கு வேர் வேறு. 1713-இல் செருமனியின் ஆல்லே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் பருத்துத் தாளை விழுங்கின. அங்கிருந்த மறைப்பணியாளர் சீகன்பால்கின் குழுவினர் பாலாடைக்கட்டி பொதிந்துவந்த ஈயத்தை உருக்கிச் சிற்றெழுத்து வார்த்தனர் என்ப. இன்றைய கைத்தாள் மூக்குக்கண்ணாடி அணிந்தார்க்கும் எளிதில் புலப்படாமை அவ்வீயத்தின் வழிவந்த மரபு என்பது எம் துணிபு.

2. ஈவோர். இவர் மூவகையர்.

2.1. பலகணியீகையர். நாகர்கோவில் வடசேரி நிலையத்தில் வண்டி உறுமிய பின்னரே தோன்றுவர். உடன் ஓடியபடியே மடியில் எறிவர். இவர்க்கு உரையாடல் இல்லை.

2.2. நடுவழியீகையர். "உள்ள தள்ளிப் போங்க" என்னும் நடத்துநர் ஆணையைப் பயன்கொண்டு முன்வாயில் முதல் பின்வாயில் வரை கொடுத்து இறங்குவர்.

2.3. அருகமர்ந்தீகையர். இவ்வகையே ஆழ்ந்து கற்கத்தக்கது.

(அ) தின்பண்டமுன்னர்: முறுக்கை முதலில் நீட்டுவர். கடித்தவன் தாளை மறுக்கான்.

(ஆ) வினாமுன்னர்: "தம்பிக்கு எந்த ஊரு?" எனத் தொடங்கி, வேலை, திருமணம் எனப் படியேறி, நான்காம் படியில் தாளை எடுப்பர்.

(இ) ஈயாவீகையர்: பை நிறையத் தாள் வைத்திருந்தும், கைக்குழந்தையோடு ஏறிய பெண்ணுக்கு இடம் விட்டு, வள்ளியூர் வரை நின்றே வந்து, கொடுக்க மறந்துவிடுவர். முன்னையோர் இவரை வகுப்பிற் சேர்த்திலர். யாம் சேர்த்தோம், அப்பெண் தானே கேட்டு ஒரு தாள் வாங்கியதைக் கண்டமையின்.

3. ஏற்போர். வாங்குவோர், உறங்குவோர், உரியோர் என மூவர். வாங்குவோரைப் பற்றிக் கூற ஏதுமில்லை. உறங்குவோருள் மெய்யுறக்கத்தரும் தாள்கண்டுறக்கத்தரும் உளர். பின்னவர்க்கு இமை துடிக்கும். உரியோர், "நாங்களும் சர்ச்சுக்குப் போறவங்கதான்" என்று தாளைத் திருப்புவர். உடனே "எந்தச் சபை?" என்னும் வினா எழும். விடை எதுவாயினும், உறவினர்க்குக் கொடுக்கவென்று இரண்டு தாள் மிகுதியாக வந்து சேரும்.

4. தாளின் முடிவு. விசிறியாதல், கடலைத்தோல் ஏந்துதல், சட்டைப்பையில் மறந்து துவைகல்லில் கூழாதல் என இது விரியும். வெற்றிடத்தில் எவரோ தொலைபேசி எண் குறித்த தாளே நெடுநாள் வாழும். எண்ணைத் தேடும்போதெல்லாம் மறுபுறமும் படிக்கப்படும். ஆகலின் அச்சிடுவோர் பின்புறத்தே இருவிரல் இடம் விடுக.

இருக்கை இடுக்கில் செருகிவிட்டு இறங்குதல் இவற்றுள் எவ்வகையிலும் அடங்காது. கற்போய், அதனைச் செய்யற்க.