காலண்டருக்குப் பின்னால் யார்?

கே: ஹாலில் மாட்டிய காலண்டருக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு எட்டுக்கால் பூச்சி குடியிருக்கிறது. வாராவாரம் ஒட்டடை அடித்தும் போக மாட்டேன் என்கிறதே? – வாசகி, கும்பகோணம்

ப: யாரோ கட்டிய ஒட்டடைக்கு யாரையோ விரட்டுகிறீர்கள்! மூலையில் வலை கட்டி உங்கள் மானத்தை வாங்குவது அந்த ஒல்லிக் குச்சிக்கால் சிலந்திகள். காலண்டர்காரர் இரை பிடிக்க வலையே கட்டுவதில்லை. இருட்டியதும் இறங்கி, பாய்ந்து பிடித்துச் சாப்பிடுகிற ஆள். பெயர் ஹெட்டரோபோடா வெனடோரியா. இயற்கையியலாளர் லின்னேயஸ் 1767இலேயே பதிவு செய்துவிட்டார். தட்டையான உடம்பு, நண்டுபோல் பக்கவாட்டில் மடங்கும் கால்கள், அதனால்தான் காலண்டருக்கும் சுவருக்கும் நடுவே சௌகரியமாக இருக்கிறது. வாழைத்தார்களோடு கப்பலேறி உலகத்தின் வெப்ப நாடுகளையெல்லாம் பார்த்தாயிற்று. கரப்பான் பூச்சி என்றால் உயிர். உங்கள் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது என்றால், சமையலறைப் பக்கம் நான் கேள்வி எதுவும் கேட்காமல் இருப்பதே மரியாதை.

கே: பல்லி மேலே விழுந்தால் பஞ்சாங்கத்தில் பலன் உண்டு. எட்டுக்கால் பூச்சி விழுந்தால்? – வாசகர், திண்டுக்கல்

ப: பக்கத்து வீட்டாருக்கு நித்திரை பங்கம்.

கே: எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டால் கொப்புளம் வரும் என்கிறார் என் மாமியார். நிஜமா? – வாசகி, மன்னார்குடி

ப: கொப்புளம் நிஜம், குற்றவாளிதான் வேறு. சிலந்திக்கு நம்மைப்போல் மூத்திரமே கிடையாது. அதன் கழிவு வெள்ளையாக, குழம்பாக, சுவரில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தது மாதிரி விழும். உங்கள் ஊரில் மழைக்காலத்தில் டியூப்லைட்டைச் சுற்றி, எறும்பு மாதிரி ஒல்லியாக, செம்மஞ்சளும் கறுப்புமாய் ஒரு குட்டி வண்டு வருமே, பார்த்திருப்பீர்கள். வயல் பக்கத்து ஆசாமி. பெடரஸ் என்று பெயர். அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. தூக்கக் கலக்கத்தில் கழுத்தில் ஊர்வதை நாம்தான் நசுக்கித் தேய்க்கிறோம். அதன் உடம்பிலிருக்கும் பெடரின் என்ற நஞ்சு தோலில் கோடாகப் படிகிறது. உடனே எரிந்தாலாவது பிடிபடும். அது ஒரு நாள் கழித்துத்தான் கொப்புளமாகிறது. அதற்குள் வண்டு காணாமல் போய்விடும். நிமிர்ந்து பார்த்தால் சுவரில் எட்டுக்காலோடு ஒருவர் சாவகாசமாக உட்கார்ந்திருப்பார். பழி விழ வேறென்ன வேண்டும்? அடுத்த முறை நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக, வலியோடு கொப்புளம் வந்தால் அது அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து திரும்ப எழுவது. காவி மண்ணால் அக்கி எழுதுவதை மாமியார் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். ஆனால் முதல் 3 நாளுக்குள் டாக்டரிடம் போய்விடுங்கள். மருந்து அப்போதுதான் நன்றாக வேலை செய்யும்.

கே: பாத்ரூமில் செத்துக் கிடந்ததைப் பெருக்கிக் கொட்டினேன். மறுநாள் அதே இடத்தில், முன்னைவிடப் பெரிதாக நிற்கிறது. ஆவியா? – வாசகர், வேலூர்

ப: நீங்கள் கொட்டியது அதன் பழைய சட்டை. வளர வேண்டுமானால் மேல்தோலைக் கழற்றியாக வேண்டும். அதை எடுத்துப் பார்த்திருந்தால் உள்ளே ஒன்றுமில்லாமல் காற்றாக இருந்திருக்கும், முதுகுப் பக்கம் திறந்திருக்கும். நிஜமாகவே செத்தது என்றால் எட்டுக் காலும் உள்ளே சுருண்டிருக்கும். சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு. முக்கியமான மூட்டுகளில் நீட்டத் தசை இல்லை. உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால்தான் நீட்டுகிறது. உயிர் போனதும் அழுத்தம் போய்விடும், கால் மடங்கிவிடும்.

கே: வயிற்றுக்கடியில் வெள்ளையாக ஒரு வட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைகிறது. காசா? – வாசகி, நாகர்கோவில்

ப: முட்டைப் பை. உள்ளே நூற்றுக்கணக்கில் வாரிசுகள். பயப்படாதீர்கள், பல்லிகளும் உடன்பிறப்புகளுமாகச் சேர்ந்து எண்ணிக்கையைக் குறைத்துவிடுவார்கள். ஆனால் இந்தச் சமயத்தில் அம்மாவைச் சீண்ட வேண்டாம். கடித்தால் ஆபத்தில்லை, வலி உண்டு.

கே: என் கணவர் ஆறடி உயரம். எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறிவிடுகிறார். – வாசகி, சேலம்

ப: ஏறிப் பிரயோஜனமில்லை, ஏறுவதில் அவரைவிட அது கெட்டி. அகலமான பிளாஸ்டிக் டப்பாவை மேலே கவிழ்த்து, அடியில் கெட்டியான கல்யாணப் பத்திரிகை ஒன்றைச் செருகி, அப்படியே தோட்டத்தில் விடுங்கள். போகாத கல்யாணத்தின் பத்திரிகையும் உபயோகப்படும். பூச்சி மருந்து அடிக்காதீர்கள்: அது உயிர் போகும்வரை தறிகெட்டு ஓடும், அவர் பரணுக்கே போய்விடுவார். என்னைக் கேட்டால், படுக்கையறையில் இருப்பதை மட்டும் வெளியேற்றுவேன். சமையலறையில் இருப்பது என் சொந்தம்.

கே: பெரிய சிலந்தி எல்லாமே சாதுதானா? – வாசகர், கிளிநொச்சி

ப: உங்கள் பக்கத்திலேயே பதில் இருக்கிறதே! மாங்குளத்தில் பிடிபட்ட பொயசிலோதெரியா ராஜேயி என்ற மரச்சிலந்தியைப் புது இனமென்று 2012இல் அறிவித்தார்கள். தேடலுக்கு உதவிய பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். கால் விரித்தால் 20 சென்டிமீட்டர். மரப்பொந்துதான் அதன் வீடு. காடு குறையக் குறைய பழைய கட்டடங்களுக்கும் வருகிறது, மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்திலும் இருந்தது. இந்தக் குடும்பத்து மரச்சிலந்திகள் கடித்தால் தசைப்பிடிப்பு வாட்டிவிடும். ரோமம் அடர்ந்து, காலில் பட்டை பட்டையாய் நிறம் தெரிந்தால் டப்பா, பத்திரிகை வித்தையெல்லாம் வேண்டாம். விவரம் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

கே: எட்டுக்கால் பூச்சியை அடித்தால் பாவமா? – வாசகர், திருச்சி

ப: திருவானைக்காவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்களே! அங்கே லிங்கத்தின் மேல் சிலந்தி கட்டிய வலையை யானை தினமும் கலைத்தது, சிலந்தி அடுத்த பிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏறவோ நுழையவோ முடியாதபடி மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளியது என்பது ஐதீகம். வலையைக் கலைத்ததற்கே இத்தனை. நீங்கள் அடிப்பதானால் அடியுங்கள். அடுத்த பிறவியில் உங்கள் வீட்டு வாசல் எவ்வளவு குறுகும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.