கடலடியில் ஒளித்த பதிலடி

கேள்வி: அணு ஆயுத நீர்மூழ்கி நமக்கு அவசியமா? (சிப்காட் தொழிற்பேட்டை, கடலூர்)

பதில்: 'முதலில் பயன்படுத்த மாட்டோம்' என்று 2003-இல் அறிவித்த நாட்டுக்கு, அடி வாங்கிய பிறகும் திருப்பி அடிக்கும் பலம் மிஞ்சியாக வேண்டும். ஆகவே கடலடியில் மறைந்திருக்கும் நீர்மூழ்கி அவசியமே. அந்தப் பலத்தைச் சுமக்கக் கடற்படையில் சேர்ந்த நீர்மூழ்கிகளில் அரிஹந்த் (2016), அரிகாட் (2024) அடங்கும். அரிஹந்த் உலையின் முன்மாதிரி ஓடியது கல்பாக்கத்தில். நெல்லைச் சீமை விஜயநாராயணத்திலுள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், கடல்நீரை ஊடுருவும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலையில் ஆணை அனுப்புகிறது. மூழ்கிய கப்பலுக்குக் காது உண்டு. வாய் திறந்தால் இருப்பிடம் அம்பலம்.

ஆனால் மறைக்க வேண்டியது கப்பலின் இருப்பிடத்தைத்தான், செலவை அல்ல. ட்ரைடன்ட் அணு ஏவுகணை நீர்மூழ்கிகளைப் புதுப்பிப்பதைப் பிரிட்டன் மக்களவை செலவு உட்பட வெளிப்படையாக விவாதித்து, 2016 ஜூலை 18-இல் 472–117 என ஏற்றது. அந்தக் கப்பல்களின் தளம் ஸ்காட்லாந்தில். அங்குள்ள ஸ்காட்லாந்து தேசியக் கட்சி அவையிலேயே எதிர்த்து வாக்களித்தது.