கையால் பிடித்த கியர்

காடு மேடு ஏறும் ஜீப் வைத்திருப்பவரிடம் செலவுக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். கூரைமேல் விளக்கு வரிசை, கழுத்தளவு வெள்ளத்துக்கும் தாங்கும் ஸ்நார்க்கல், முரட்டு டயர் என்று மளமளவென ஒப்பிப்பார். இரண்டாவது கியர் தானாகக் கழன்றுகொள்வதை மட்டும் சொல்ல மாட்டார். இடது கையால் அதை அமுக்கிப் பிடித்தபடி ஓட்டுவது அவரைப் பொறுத்தவரை ஒரு ஸ்டைல்.

பழைய வில்லிஸ் வகை ஜீப்பின் டி-90 கியர் பாக்ஸில் மூன்றே கியர். முதல் கியருக்குச் சிங்க்ரோ, அதாவது பற்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் ஏற்பாடு, கிடையாது. ஓடும் வண்டியில் அதைத் திணித்தால் பற்கள் அலறும். "ஜீப்புன்னா அப்படித்தான் சார் கத்தும்!" என்று அதையும் குலப்பெருமையில் சேர்த்துவிடுவார்கள்.

கடைசியில் ஒருநாள் பெட்டியை இறக்கியே ஆக வேண்டும். மாப்பிள்ளையோடு வரும் மாமனைப் போல, முன்பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் கூடவே வரும். தேய்ந்த சிங்க்ரோ ரிங், குழி விழுந்த பேரிங், பித்தளைத் தூள் மின்னும் ஆயில். "இறக்கினது இறக்கியாச்சு, கிளட்ச் பிளேட்டையும் மாத்திரலாமே?" என்பார் மெக்கானிக். பில் இரட்டிப்பாகும். ஆனாலும் அவர் சொல்வது நியாயம்தான். கிளட்ச் மாற்றவும் இதே பெட்டியைத்தான் இறக்கியாக வேண்டும்.

ஒன்று மட்டும்: புதுப்பித்த பெட்டியில் கைக்குக் கிடைத்த ஆயிலை ஊற்றாதீர்கள். சில ஜிஎல்-5 தர கியர் ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை ரிங்கை அரிக்கும். வண்டிக் கையேட்டில் ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-4தான்.